கரும்பலகையை வெறுமையாக விடுங்கள்: வாவிக்கரைத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கொக்கட்டிச்சோலை என்று மட்டக்களப்பு வாவியைச் சுற்றியிருக்கும் பாடசாலைகளில் தமிழ் கற்பிக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். மன வரைபடம் உங்களுக்குப் புதிதல்ல. தாளின் நடுவில் தலைப்பு, அதைச் சுற்றிக் கிளைகள், கிளைக்கு ஒரு சொல், அந்தச் சொல்லிலிருந்து மறுபடியும் கிளைகள் என்ற முறையைச் செயலமர்வுகளில் கேட்டிருப்பீர்கள், வகுப்பிலும் கையாண்டிருப்பீர்கள். ஆனால் பல வகுப்பறைகளில் அது நடக்கும் விதம் வேறு. ஆசிரியர் கரும்பலகையில் வரைபடத்தை முழுமையாக வரைகிறார். பிள்ளைகள் அதைக் கொப்பியில் பார்த்தெழுதுகிறார்கள். பிறகு அந்தக் கிளைகளின் வரிசைப்படியே நாற்பது பேரும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். புதிய எண்ணத்தைத் தூண்டுவதற்கென்று வந்த முறை, எண்ணங்களை ஒரே அச்சில் வார்க்கும் முறையாகிவிடுகிறது. மன வரைபடத்தால் பயன் உண்டு என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அதைப் பிள்ளை தானே வரைய வேண்டும், முதல் வளையத்தோடு நின்றுவிடக் கூடாது, தூரத்துக் கிளைகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் சித்திரம். ஏன் அப்படி என்பதற்கான ஆதாரங்களையும், நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கான பதில்களையும் கீழே வைக்கிறேன்.

இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான். 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் வந்த ‘யூஸ் யுவர் ஹெட்’ என்ற தொடர் அவரைப் பிரபலமாக்கியது. நடுவில் படம், வளைந்த கிளைகள், பல வண்ணங்கள், கிளைக்கு ஒரே சொல் என்று பல விதிகளை அவர் வகுத்தார். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நொவாக் குழுவினர் எண்ணக்கரு வரைபடத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. எண்ணக்கரு வரைபடத்தில் இரு கருத்துகளுக்கு இடையிலுள்ள உறவைக் கோட்டின் மேலேயே எழுத வேண்டும். அறிந்ததை ஒழுங்குபடுத்துவதற்கு அது ஏற்றது. மன வரைபடம் நினைவில் ஒன்றை ஒன்று இழுத்து வருவதை அப்படியே தாளில் இறக்குவது. அதனால் எண்ணம் தேடுவதற்கு ஏற்றது. இந்த முறை மூளையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒருசேர விழிக்கச் செய்கிறது என்று விற்பனைக்காகச் சொல்லப்பட்டதை நாம் ஏற்க வேண்டியதில்லை. மூளையின் இரு பாதிகள் பற்றி ரொஜர் ஸ்பெரி செய்த ஆய்வுகளுக்கு 1981-இல் நொபெல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் படைப்பாற்றல் வலப்பக்கத்தில் குடியிருக்கிறது என்ற பாமரக் கதைக்கு அந்த ஆய்வுகள் பொறுப்பல்ல. வண்ணப் பேனையும் வளைந்த கோடும் இல்லாமலே இந்த முறை வேலை செய்யும். அது எதனால் வேலை செய்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

மேசை என்றால் நாம் உடனே கதிரை என்போம். 1962-இல் சார்னொஃப் மெட்னிக் என்ற உளவியலாளர் படைப்பாற்றலுக்கு ஒரு விளக்கம் தந்தார். எந்தச் சொல்லைக் கேட்டாலும் எல்லோருக்கும் முதலில் தோன்றுபவை ஒன்றுபோலவே இருக்கும். அந்த முதல் வரிசை தீர்ந்த பிறகே தூரத்து இணைப்புகள் தலைகாட்டும். தூரத்தில் கிடக்கும் இரண்டைச் சேர்ப்பதே புதிய எண்ணம் என்றார் அவர். அதற்கு 5 ஆண்டுகள் முன்பே, 1957-இல், கிறிஸ்டென்சன், கில்ஃபோர்ட், வில்சன் ஆகியோர் சோதனையில் கண்டது இதற்கு ஒத்துப்போகிறது. நேரம் செல்லச் செல்ல மனிதர் சொல்லும் விடைகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் பிந்தி வரும் விடைகளே பிறர் சொல்லாதவையாக இருக்கின்றன. 2020-இல் பிரையன் லூகஸ், லோரன் நோர்ட்கிரென் இருவரும் இன்னொன்றையும் காட்டினார்கள். நேரம் போகப் போகத் தங்கள் எண்ணங்களின் தரம் விழுந்துவிடும் என்று மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் தரம் விழுவதில்லை. நிலைத்து நிற்கிறது அல்லது உயர்கிறது. அந்தத் தவறான எதிர்பார்ப்பினாலேயே பலர் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள். கட்டுரைப் பாடத்துக்கு இந்த மூன்று முடிவுகளும் சொல்வது ஒன்றுதான். பிள்ளைக்கு முதலில் தோன்றுவது அவனுக்கு மட்டும் உரியதல்ல, ஊருக்கே பொது. “இனி ஒன்றும் வரவில்லை சேர்” என்று அவன் பேனையை வைக்கும் இடத்தில்தான் அவனுடைய சொந்த எண்ணம் தொடங்குகிறது. கரையில் நின்று வீசும் வலையில் கரையோர மீன்தான் படும். ஆழத்துக்குப் போகத் தோணி வேண்டும். மன வரைபடம் அந்தத் தோணி. ஆனால் தோணியைக் கரையிலேயே கட்டிவைத்திருந்தால் அது எதற்கு?

நம் வாவியையே தலைப்பாக எடுத்துக்கொள்வோம். 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்த நீர்ப்பரப்பைப் பற்றி எழுதச் சொன்னால் முதல் வளையத்தில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்: பாடும் மீன், கல்லடிப் பாலம், மாலைச் சூரியன், மீனவர், கண்டல் காடு, சுற்றுலா. இவை தவறானவை அல்ல. ஆனால் இந்த ஆறையும் வைத்து எழுதிய கட்டுரையில் பிள்ளையின் பெயரை அழித்துவிட்டு வேறு பெயரை எழுதினாலும் வித்தியாசம் தெரியாது. இப்போது ‘மீனவர்’ என்ற கிளையைப் பிடித்து இன்னும் இரண்டு படி போகச் சொல்லுங்கள். மீனவர், வலை, எந்த வலை? வீச்சு வலையா, அத்தாங்கா? யார் எதைப் பயன்படுத்துகிறார்கள்? இறாலுக்கு எந்த மாதம் நல்லது? வலையில் பட்டதை விற்பது யார், விலை சொல்வது யார்? இங்கே தகப்பன் தோணியில் போகும் பிள்ளைக்குச் சொல்வதற்கு இருக்கிறது. வயலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு வேறு சொல்வதற்கு இருக்கிறது. ‘மழை’ என்று இன்னொரு கிளையைச் சேர்த்தால் வெள்ளம் வரும். அதிலிருந்து முகத்துவாரம் வரும். வாவி கடலோடு கலக்கும் வாய்களை மணல்திட்டு மூடிக்கொள்வதும், வடகீழ்ப் பருவ மழையில் அது உடைவதும், சில வேளை வெட்டிவிடப்படுவதும் இந்தப் பிள்ளைகள் கண்ணால் காண்பவை. மணலை எப்போது வெட்டலாம் என்பதை யார் முடிவுசெய்வது, அதனால் வயலுக்கு என்ன, இறாலுக்கு என்ன என்ற கேள்வி மூன்றாம் வளையத்தில் கிடைக்கும். ‘இயற்கை அனர்த்தம்’ என்ற தலைப்பில் எழுதப்படும் எந்தப் பொதுக் கட்டுரையிலும் அந்தக் கேள்வி இருக்காது.

எல்லோரும் தொட்டுத் தொட்டுத் தேய்ந்துபோன பாடும் மீனுக்கும் இதே கதைதான். முதல் வளையத்தில் அது ஒரு பெருமை. மட்டக்களப்பின் அடையாளச் சின்னம். அதை அப்படியே எழுதினால் ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும். அதற்கு அடுத்த வளையத்தில் ஒரு கேள்வியைப் போடச் சொல்லுங்கள்: பாடுவது மீன்தானா? 1848-இல் இங்கே வந்து அந்த ஒலியைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் அதைத் தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஒலிக்குக் காரணமென்று நம் ஊர் மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனையல்ல, ஓட்டுக்குள் வாழும் ஊரியை. அப்படியானால் மீன் எப்போது, எப்படிப் பாடத் தொடங்கியது? நிலவு இரவுகளில்தான் கேட்கும் என்று ஏன் சொல்கிறார்கள்? துடுப்பை நீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் பழைய வழக்கத்துக்கும், நீருக்குள் ஒலி பரவும் விதத்துக்கும் என்ன தொடர்பு? விஞ்ஞானப் பாடக் கொப்பியில் இருப்பது தமிழ்க் கட்டுரைக்கு வரலாமா? 1924-இல் கட்டிய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013-இல் புதிய பாலம் வந்து, வாகனங்களும் இயந்திரப் படகுகளும் பெருகிய பிறகு அந்த ஒலி யாருக்குக் கேட்கிறது? ஒரு சின்னமாக உறைந்துபோன விடயம் மூன்றாம் வளையத்தில் கேள்வியாக உயிர்பெறுகிறது. கதை எழுத விரும்பும் பிள்ளைக்கு அதில் கதை உண்டு. வாதம் எழுத விரும்பும் பிள்ளைக்கு வாதமும் உண்டு.

ஆசிரியரே கரும்பலகையில் வரைவது ஏன் கெடுதல் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 1978-இல் சிலமெக்கா, கிராஃப் என்ற இருவர் செய்த சோதனைகளில், வாசித்த சொற்களைவிடத் தாங்களே யோசித்து உருவாக்கிய சொற்களே பங்குபற்றியவர்களின் நினைவில் நன்றாகத் தங்கின. பிறகு பலர் திரும்பச் செய்து பார்த்தபோதும் அந்த முடிவு நின்றது. பார்த்தெழுதிய வரைபடத்திலிருந்து பிள்ளைக்கு மிஞ்சுவது அதன் வடிவம் மட்டும். இன்னொரு தீங்கும் உண்டு. ஒரு மாதிரியை முன்னே வைத்துவிட்டால், அதில் குறை இருப்பதாகச் சொன்னாலும்கூட, மனம் அதைச் சுற்றியே வட்டமிடும். 1991-இல் ஜான்சன், ஸ்மித் இருவரும் பொறியியல் வடிவமைப்பாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். மாதிரி காட்டப்பட்டவர்கள் அந்த மாதிரியின் குறைகளையும் சேர்த்தே தங்கள் வடிவமைப்பில் கொண்டுவந்தார்கள். பயிற்சி பெற்ற பொறியியலாளர்களுக்கே இந்த நிலை என்றால், ஆசிரியரின் கையெழுத்தை வேதவாக்காகக் கொள்ளும் பத்தாம் தரத்துப் பிள்ளை என்ன செய்யும்?

சிந்தனைக் கிளறல் என்று வகுப்பு முழுவதையும் ஒன்றாகப் பேசவைப்பதும் நாம் நம்புமளவுக்குப் பயன் தருவதில்லை. அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற விளம்பரத் துறையாளர் 1953-இல் எழுதிய நூல் அந்த முறையைப் பிரபலமாக்கியது. 5 ஆண்டுகளுக்குள் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெரி, புளொக் மூவரும் அதைச் சோதித்தார்கள். நால்வர் ஒன்றாக அமர்ந்து சொன்ன எண்ணங்களைவிட, நால்வர் தனித்தனியே எழுதியவற்றைச் சேர்த்தபோது கிட்டத்தட்ட இரு மடங்கு எண்ணங்கள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதும், காத்திருக்கும்போது தோன்றியது மறந்துபோவதும் முக்கியக் காரணங்கள் என்று 1987-இல் டீல், ஸ்ட்ரோப இருவரும் விளக்கினார்கள். நம் வகுப்பறையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. கையுயர்த்துபவர்கள் எப்போதும் அதே நாலைந்து பேர்தான். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்ததை வகுப்பு கேட்பதே இல்லை. ஆகவே முதலில் தனியே வரையட்டும்; அப்புறம் இருவர் தாள்களை மாற்றிப் பார்க்கட்டும்; பிறகு வகுப்பு பேசட்டும். இந்த ஒழுங்கு மாறினால் பலன் குறையும்.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த சரக்கு, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உங்களில் இருக்கலாம். தமிழ் கற்பிக்கும் உங்களுக்கு இதைவிடப் பழைய ஒரு வரைபடம் தெரியும். தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் ஒரு பாடலின் உலகை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருளில் நிலமும் பொழுதும். கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு வரிசை. உரிப்பொருளில் அந்த நிலத்துக்குரிய ஒழுக்கம். நெய்தல் என்று நடுவில் எழுதிப் பாருங்கள். கிளைகள் தாமே விரியும். இரங்கல் என்ற உணர்வுக்கு எற்பாடு என்ற பொழுதும், கடலும் உப்பும் சுறாவும் பரதவரும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அதைத் தாளில் வட்டம் போட்டு வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அது இலக்கணம், எண்ணம் தேடும் பயிற்சி அல்ல. ஆனால் அந்த இலக்கணத்தில் பழகிய புலவனுக்கு ஒரு பறவையின் பெயர் ஒரு நிலத்தையும் பொழுதையும் மனநிலையையும் ஒருசேர இழுத்துவந்தது. எட்டுக் கருப்பொருளும் எட்டுக் கேள்விகளாக நின்றன. இங்கே என்ன மரம்? என்ன பறவை? மக்கள் என்ன உண்கிறார்கள்? எதைத் தொழுகிறார்கள்? என்ன தொழில் செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளை அப்படியே இன்றைய பிள்ளையிடம் கொடுக்கலாம். ‘எங்கள் ஊர்’ என்று எழுதும்போது “இயற்கை எழில் கொஞ்சும்” என்று தொடங்கும் கையை நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

திணை மரபில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு நிலத்தின் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கு உரியவையாகவே கொள்ளப்படும் என்று தொல்காப்பியம் வழி விடுகிறது. திணை மயக்கம் என்று நீங்கள் வகுப்பில் கற்பிப்பது இதைத்தான். பாடலில் ஆழம் கூடுவதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம். மட்டக்களப்பு வாவிக் கரையில் இந்த மயக்கம் பாடப்புத்தகத்துக்குள் அடங்கியிருக்கவில்லை, கண்முன்னே நடக்கிறது. கிழக்கே மணலும் கடலும், மேற்கே வயலும் வாய்க்காலும், நடுவே உப்பும் நன்னீரும் கலந்த வாவி. நெய்தலும் மருதமும் ஒரு தோணிப் பயணத் தூரத்தில் இருக்கின்றன. மன வரைபடத்தில் இதற்கு ஒத்தது குறுக்குக் கோடு. ஒரு பக்கத்துக் கிளையில் இருக்கும் ‘விதைப்பு’ என்ற சொல்லையும் மறுபக்கத்துக் கிளையில் இருக்கும் ‘இறால்’ என்ற சொல்லையும் ஒரு கோட்டால் இணைத்து, “இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்க வேண்டும். கிளைகளை விரிப்பதோடு நிறுத்தும் வரைபடம் ஒரு பட்டியல்தான். குறுக்குக் கோடு போடும்போதே எண்ணம் பிறக்கிறது.

இதற்குச் சான்றாக வெளியூர் மேதை யாரையும் தேட வேண்டியதில்லை. 1892-இல் காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானம் பயின்று லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1947-இல் வெளிவந்த யாழ் நூலில் அவர் செய்தது என்ன? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் சில அடிகளை ஒரு பக்கம் வைத்தார். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணிதத்தை மறுபக்கம் வைத்தார். அழிந்துபோன கருவியின் வடிவத்தை இரண்டுக்கும் நடுவே தேடினார். தமிழ்ப் புலவர் பலருக்கு அந்த அடிகள் தெரியும். பௌதிகம் கற்றவர்களுக்கு அந்தக் கணிதம் தெரியும். இரண்டையும் ஒரு தாளில் வைத்துப் பார்க்கும் மனம்தான் அரிது. விபுலாநந்தர் மன வரைபடம் வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் காலத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. தூரத்துக் கிளைகளை இணைப்பதால் என்ன விளையும் என்பதற்கு அவர் உழைப்பு சான்று. அந்த உழைப்புக்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைக்கக் கூடாது. நிறைய அறிந்தவருக்கே இணைப்பதற்கு நிறைய இருக்கும். வாசிப்பும் இலக்கணமும் இல்லாத இடத்தில் மன வரைபடம் எதையும் வரவழைக்காது.

இனி மறுப்புகள். முதலாவது, பரீட்சை. சாதாரண தரப் பரீட்சையில் நேரம் குறைவு. பிள்ளை வரைந்துகொண்டிருந்தால் எப்போது எழுதுவது? இது நியாயமான கவலை. பரீட்சை மண்டபத்தில் மூன்று வளையம் வரைய முடியாது, வரையவும் வேண்டாம். வகுப்பில் ஆண்டு முழுவதும் செய்த பயிற்சி பரீட்சையில் 5 நிமிடக் குறிப்பாகச் சுருங்கும். முதலில் வந்த மூன்றைத் தள்ளி வைத்துவிட்டு நாலாவதைத் தேடும் பழக்கம் அதற்குள் பிள்ளைக்கு வந்திருக்கும். மனப்பாடம் செய்த கட்டுரையோடு போகும் பிள்ளைக்குத் தலைப்புச் சற்று மாறினாலும் கால் தடுமாறும். தேடத் தெரிந்த பிள்ளைக்குத் தலைப்பு மாறுவது பொருட்டல்ல. விடைத்தாள் திருத்தும் பணி செய்யும் ஆசிரியர்கள் உங்களிலேயே பலர். அடுத்தடுத்து ஒரே தொடக்கத்தைப் படித்துச் சலித்த கண்ணுக்கு, முகத்துவாரத்து மணலைப் பற்றிய ஒரு வாக்கியம் எப்படித் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்தே வருகிறது. 2011-இல் கார்ப்பிக், பிளண்ட் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பாடப்பகுதியைப் பார்த்து எண்ணக்கரு வரைபடம் வரைந்த மாணவர்களைவிட, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் பின்னர் நடந்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். அதற்கு முன், 2002-இல், ஃபராண்ட் குழுவினர் 50 மருத்துவ மாணவர்களிடம் 600 சொல் கொண்ட ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். மன வரைபடம் பயன்படுத்தியவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த முறையில் படிக்க அவர்களுக்கு ஆர்வம் குறைவாக இருந்தது. இந்த இரண்டு ஆய்வுகளும் பாடத்தை நினைவில் வைப்பதைப் பற்றியவை. புதிய எண்ணம் தேடுவதைப் பற்றியவை அல்ல. இருந்தும் அவற்றிலிருந்து நாம் இரண்டு பாடங்கள் படிக்கலாம். வரைபடத்தை நூலைப் பார்த்து வரையாமல், மூடிவிட்டு மனதிலிருந்து வரைய வேண்டும் என்பது ஒன்று. ஒரே வடிவத்தை எல்லோர் மீதும் திணித்தால் வெறுப்பு வரும் என்பது மற்றது. வளைந்த கோடு போடாத பிள்ளைக்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியர் அந்த வெறுப்பைத் தானே விதைக்கிறார்.

மூன்றாவதாக, சில பிள்ளைகளுக்கு வரைவதைவிடப் பட்டியல் எழுதுவதோ வாயால் சொல்வதோ இலகு என்பார்கள். உண்மைதான். வாய்மொழி மரபு வலுவாக உள்ள மண் இது. வடமோடியும் தென்மோடியும் களரி கண்ட ஊர்களில், கண்ணகி குளிர்த்திப் பாடல் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல் வாயிலிருந்துதான் முதலில் வரும். அவர்கள் சொல்லட்டும்; பக்கத்தில் இருப்பவன் வரையட்டும். பட்டியலில் எழுதுபவன் பட்டியலிலேயே எழுதட்டும். 20-ஆவது சொல் வரை போனால் சரி. ஆனால் பட்டியலில் ஒரு குறை உண்டு. எந்தச் சொல் எதிலிருந்து வந்தது என்பது அதில் தெரியாது. வரைபடத்தில் ஒரு பக்கம் கிளை அடர்ந்து மறுபக்கம் வெறுமையாக இருப்பது கண்ணுக்கு உடனே தெரியும். “தெய்வம் என்ற பக்கத்தில் ஒன்றும் இல்லையே, ஏன்?” என்று அந்த வெறுமையைக் காட்டி ஆசிரியர் கேட்கலாம். வசதி இல்லை என்ற மறுப்புக்குப் பதில் சுருக்கமானது: பாவித்த தாளின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும். மென்பொருளும் வேண்டாம், வண்ணப் பேனைப் பெட்டியும் வேண்டாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இது மறுப்பவர்களுக்கல்ல, இந்த முறையை விரும்புபவர்களுக்கு. வரைபடம் கட்டுரை ஆகாது. 40 சொற்கள் விரிந்த தாளைப் பார்த்துப் பிள்ளை 40-ஐயும் எழுத முயன்றால் கட்டுரை சிதறிவிடும். விரிப்பது முதல் பாதி. தெரிந்தெடுப்பது இரண்டாம் பாதி. ஒரு குறுக்குக் கோட்டை மட்டும் தெரிந்தெடுத்து, அதைச் சொல்லத் தேவையான கிளைகளை வைத்துக்கொண்டு மீதியை அழிக்கச் சொல்லுங்கள். முதல் வளையத்துச் சொற்களில் பெரும்பாலானவை அப்போது அடிபட்டுப் போகும். எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று பிள்ளை ஒரு வரியில் சொல்லத் தெரிந்தால், அந்தப் பாடவேளை வீணாகவில்லை. புள்ளி போடுவதானால் வரைபடத்தின் அழகுக்குப் போடாதீர்கள். அந்தத் தெரிவுக்குப் போடுங்கள்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் ஒரு கட்டுரைப் பாடவேளையை, ஒரே ஒரு பாடவேளையை, இதற்கு ஒதுக்குங்கள். தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு வெண்கட்டியைக் கீழே வையுங்கள். முதல் 10 நிமிடம் யாரும் யாரோடும் பேசாமல் தனியே வரையட்டும். “முடிந்தது” என்று சொல்பவர்களிடம் இன்னும் 5 நிமிடம் கொடுத்து, எட்டுக் கருப்பொருளில் எது இன்னும் வெறுமையாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பிறகு இருவர் தாள்களை மாற்றி, ஒருவர் தாளில் மற்றவர் ஒரு குறுக்குக் கோடு போடட்டும். அந்தக் கோட்டிலிருந்து ஒரு பந்தி எழுதட்டும். அப்படிக் கிடைக்கும் பந்திகளையும், சென்ற தவணையில் அதே வகுப்பு எழுதிய கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் இந்த மடலைக் கிழித்துப் போடுங்கள். வித்தியாசம் தெரிந்தால், எழுவான்கரை ஆசிரியர் படுவான்கரை ஆசிரியருக்கும், தமிழ்ப் பாடசாலை முஸ்லிம் பாடசாலைக்கும் அந்தப் பந்திகளைக் காட்டுங்கள். இந்த வாவியைப் பற்றி இதுவரை எழுதப்படாதவை நிறைய உண்டு. அவற்றை எழுத வேண்டியவர்கள் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
தமிழ்க் கட்டுரையில் அக்கறை கொண்ட ஒரு வாசகர்